ஒன்பது துண்டுச் சீட்டுகள்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று மாணவர் பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்கு என்னண்ணே எழுத வரும்? லேப் ரெக்கார்டு எழுதறதுக்கே கை வலிக்குது" என்று நழுவப் பார்த்தேன். ஆனால் நண்பர்களே, உண்மையைச் சொல்கிறேன். நான் சின்ன வயதிலேயே எழுத ஆரம்பித்தவன்! மூன்றாம் வகுப்பு படிக்கும்போது என் முதல் படைப்பை எழுதினேன். மொத்தம் இரண்டே வரி. பத்து ரூபாய் நோட்டோடு சேர்த்துக் குண்டூசி குத்தி மேடைக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு அதே இரண்டு வரியை வருஷா வருஷம் எழுதி, இதுவரை ஒன்பது முறை அனுப்பியாகிவிட்டது. ஒரு முறைகூடப் பிரசுரம் ஆகவில்லை.

நான் சொல்வது எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அனுப்பும் நேயர் விருப்பச் சீட்டு. நல்லம்பள்ளிப் பக்கத்து நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி மாதம் கூழ் ஊற்றி முடித்த அன்று இரவு பாட்டுக் கச்சேரி நடக்கும். பிடித்த பாட்டைத் துண்டுப் பேப்பரில் எழுதி, முடிந்தால் ஒரு ரூபாய் நோட்டும் சேர்த்து, சின்னப் பையன் ஒருவனைப் பிடித்து மேடைக்கு அனுப்ப வேண்டும். அறிவிப்பாளர் படித்தால் பாட்டு வரும். படிக்காவிட்டால் ரூபாய் மட்டும் போகும்.

சீட்டு என்னுடையது இல்லை, அப்பாவுடையது. அப்பா லாரி டிரைவர். அவருக்குத் தன் கையெழுத்தைப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஊர்ப் பெயர்ப் பலகையைக்கூட எழுத்தாகப் படிக்க மாட்டார், படமாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார். அம்மாவும் ஆயாவும் அதற்கும் கீழே. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய முதல் ஆள் நான்தான். ஆகவே 2015-ல் நான் மூன்றாம் வகுப்புப் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, ஒரு பாட்டு எழுதணும், எழுதுவியா?" என்றார். பாட்டின் முதல் இரண்டு வார்த்தை, பக்கத்தில் 'நிழல்கள்' என்று படத்தின் பெயர், கீழே 'விரும்பிக் கேட்பவர்: லாரி டிரைவர், நல்லம்பள்ளி'. 'ழ' போடுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அந்தச் சீட்டை அப்பா ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அது என்ன பாட்டு? 1980-ல் பாரதிராஜா எடுத்த படம் 'நிழல்கள்', இசை இளையராஜா. அதற்காக எஸ்.ஜானகி தனியாகப் பாடிய ஒரு பாட்டு இசைத்தட்டில் வந்தது, படத்தில் வரவில்லை. ஆகவே அதற்குக் காட்சி கிடையாது, யார் நடித்தார்கள் என்ற பேச்சும் கிடையாது. அப்பா பதினாலு வயதில் கிளீனராக லாரி ஏறியபோது அந்த டிரைவரிடம் ஒரு 60 நிமிஷக் கேசட் இருந்ததாம். ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் கொடுத்துப் பதிவு செய்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான், பக்கத்துக்கு அரை மணி நேரம், அதற்குள் எத்தனை பாட்டு அடங்குமோ அத்தனை. இந்தப் பாட்டு 'பி' பக்கத்தில் கடைசி. பாதியில் டேப் முடிந்து 'டப்' என்று நின்றுவிடும். பெங்களூரிலிருந்து சேலத்துக்கு ராத்திரி லோடு வரும்போது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் தூங்காமல் இருக்க அந்த டிரைவர் இதைத்தான் போடச் சொல்வாராம். எத்தனையோ வருஷம் அப்பா அந்தப் பாட்டைப் பாதி மட்டுமே கேட்டிருக்கிறார்.

நான் பாலிடெக்னிக் சேர்ந்து முதல் முதலாகப் போன் வாங்கியதும் செய்த முதல் வேலை, அந்தப் பாட்டை முழுசாகத் தேடிப் போட்டுக் காட்டியது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். டேப் முடியும் அந்த இடம் வந்தது. அப்பாவின் வலது கை தானாக முன்னால் போனது, கேசட்டைத் திருப்பிப் போட! பிறகு சிரித்துக்கொண்டு கையை மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும், "சரி, இனிமே சீட்டு வேண்டாமாப்பா?" என்றேன்.

"ஏன்? போன்ல கேட்டது நான் ஒருத்தன். நாலு பேரோட உக்காந்து கேக்கணும்டா" என்றார்.

ஆகவே சீட்டு தொடர்ந்தது. கொரோனாவால் திருவிழா நடக்காத 2020, 2021 இரண்டு வருஷம் தவிர மற்ற எல்லா வருஷமும் அனுப்பியிருக்கிறோம். 2018-ல் மட்டும் ஒரு அதிசயம். "நிழல்கள் படப் பாடலை விரும்பிக் கேட்ட லாரி டிரைவர் அண்ணனுக்காக..." என்று மைக்கில் குரல் வந்தது! அப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். வந்ததோ அதே படத்தில் எஸ்.பி.பி. பாடிய, ஊரறிந்த இன்னொரு பாட்டு. அப்பா உட்கார்ந்தார். கையும் தட்டினார்.

எங்கள் ஊருக்கு வரும் குழு நல்ல குழு. பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். ஆனால் முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு அம்மன் பாட்டு, அதற்குள் ஒரு பாட்டி சாமி வந்து ஆடுவார், அடுத்து எம்.ஜி.ஆர். ஒன்று, சிவாஜி ஒன்று, ரஜினி ஒன்று, கமல் ஒன்று, பத்து மணிக்கு மிமிக்ரி, பதினொன்றுக்குக் குத்துப் பாட்டு... எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரிசை சொல்லத் தெரியும். எங்கள் கோஷ்டிப் பையன்கள் அடுத்து எது வரும் என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவன் டீ வாங்கித் தர வேண்டும். சில வருஷங்களில் யாருமே தோற்காமல், டீ குடிக்காமலேயே வீட்டுக்கு வந்திருக்கிறோம்.

இதை ஆயாவிடம் குறையாகச் சொன்னேன். "ஏன்டா, மாரியாத்தாளுக்கு வருசா வருசம் வேற வேற கூழா ஊத்தறோம்? கூத்துல படுகளம் அன்னிக்கு துரியோதனன் சாகாம இருந்தா நீ ஒத்துக்குவியா?" என்று கேட்டுவிட்டது கிழவி. பாரதக் கூத்து பார்த்தே வளர்ந்தது எங்கள் ஆயா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த ஏக்கம் எங்கள் ஊர் மந்தையில் மட்டும் இருப்பது அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. இளையராஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976-ல் 'அன்னக்கிளி'யில் ஆரம்பித்து ஆயிரம் படங்களுக்கு மேல் இசையமைத்தவர். படத்துக்கு ஐந்து பாட்டு என்று குறைத்து வைத்தாலும் 5000 பாட்டு. மேடையில் மூன்று மணி நேரத்தில் முப்பது பாட்டு பாடலாம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, 0.6 சதவீதம்! அவருடைய கச்சேரிகள் வழக்கமாக 'தாய் மூகாம்பிகை' (1982) படத்தின் 'ஜனனி ஜனனி'யோடுதான் தொடங்கும். அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள், அது கடவுள் வாழ்த்து மாதிரி. ஆனால் அடுத்து வரும் பட்டியலில் நாம் தனியாகப் பொத்தி வைத்திருக்கும் ஒரு பாட்டு வராதா என்று ஒவ்வொரு ரசிகனும் காத்திருக்கிறான். டீக்கடையில், பஸ்ஸில், எங்கள் வகுப்புக் கடைசி பெஞ்சில், எங்கே ராஜா கச்சேரிப் பேச்சு வந்தாலும் முடிவில் "எல்லாம் பாடினாரு, ஆனா அந்தப் பாட்டைப் பாடலையே" என்று ஒருவன் சொல்லாமல் இருக்க மாட்டான். ஒவ்வொருவனுக்கும் 'அந்தப் பாட்டு' வேறு வேறு. அதுதான் வேடிக்கை.

அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர் பாட்டை மேடையில் வாசிப்பது நாம் காலேஜ் டேயில் டிராக் போட்டுப் பாடுவது மாதிரி இல்லை. வயலின்காரர்கள், புல்லாங்குழல், பேஸ் கிட்டார், கோரஸ் என்று ஒவ்வொருவருக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதிய தாள் வேண்டும். பட்டியலில் ஒரு பாட்டை மாற்றினால் அத்தனை தாளும் மாறும், ஒத்திகையும் மாறும். தப்பு வந்தால் மேடையிலேயே நிறுத்தி மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்கிறவர் அவர். அப்படிப்பட்டவர் ஒத்திகை பார்க்காத பாட்டை எப்படித் தொடுவார்? இன்னொன்று, குரல்கள். ஸ்வர்ணலதா 2010-ல் போய்விட்டார், மலேசியா வாசுதேவன் 2011-ல், எஸ்.பி.பி. 2020-ல். ஜானகியம்மா 2017-ல் மைசூர்க் கச்சேரியோடு மேடைக்கு விடை கொடுத்துவிட்டார். பாட்டு இருக்கிறது, பாடியவர்கள் இல்லை. 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் தன் சிம்பொனியையே அரங்கேற்றியவருக்குப் புதுசு ஒன்றும் பயம் இல்லை. ஆனாலும் நாம் பழசிலேயே புதுசு கேட்கிறோம்!

கேட்கிற கூட்டமும் லேசுப்பட்டது அல்ல. 2017 ஜூலையில் லண்டன் வெம்ப்ளியில் ஏ.ஆர்.ரஹ்மான் 'நேற்று இன்று நாளை' என்று தமிழிலேயே பெயர் வைத்து ஒரு கச்சேரி நடத்தினார். தமிழ்ப் பாட்டு அதிகமாகிவிட்டது என்று இந்திக்காரர்கள் சிலர் பாதியில் எழுந்து போய், டிக்கெட் காசையும் திருப்பிக் கேட்டார்கள். பட்டியலை மாற்றினால் இப்படியும் நடக்கும்.

எங்கள் மெக்கானிக்கல் சீனியர் ஒருவர் 'மெட்டாலிகா' பைத்தியம். அமெரிக்க ராக் கோஷ்டி, 1981-ல் ஆரம்பித்தது, 2011-ல் பெங்களூரில்கூட வந்து வாசித்தது. ஆள் வருஷம் முழுக்க ஒரே கறுப்பு டீஷர்ட்தான். அவரிடம் எங்கள் ஊர்ச் சீட்டுக் கதையைச் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "எங்களுக்கும் அதே பிரச்சினைதான்டா" என்றார். 2014-ல் அவர்கள் டிக்கெட் வாங்கியவர்களையே ஓட்டுப் போட வைத்துப் பாட்டுப் பட்டியலைத் தயார் செய்தார்களாம். 2023-ல் ஆரம்பித்த சுற்றுப்பயணத்தில் பல ஊர்களில் இரண்டு ராத்திரி, முதல் ராத்திரி வாசித்த ஒரு பாட்டுகூட இரண்டாம் ராத்திரி வராது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்று இன்னொரு பெரிய பாடகர். ரசிகர்கள் அட்டையில் பாட்டின் பெயரை எழுதித் தூக்கிப் பிடிப்பார்கள், அவர் மேடையிலிருந்து கை நீட்டி வாங்கி அந்தப் பாட்டைப் பாடுவாராம். அட, நம்ம ஊர்த் துண்டுச் சீட்டு! 'கிரேட்ஃபுல் டெட்' என்ற கோஷ்டி 1965-லிருந்து 1995 வரை முப்பது வருஷம், ராத்திரிக்கு ராத்திரி வேறு பட்டியல் வாசித்திருக்கிறது. கேட்க வந்தவர்களே கேசட்டில் பதிவு செய்துகொள்ளவும் விட்டார்கள். ஊர் ஊராக அவர்கள் பின்னாலேயே போன ஜனம் உண்டு. இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அட்டைக் கதை மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. "அட்டைன்னா தூரத்துல இருந்தே தெரியும்ல" என்றார்.

இந்த வருஷம் எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. லீவு நாட்களில் நான் ஒரு சவுண்டு சர்வீஸில் வேலைக்குப் போகிறேன். ஒயர் சுற்றுவது, பாக்ஸ் தூக்குவது, எங்கே 'கொர்ர்' என்று இரைச்சல் வருகிறதோ அங்கே எர்த்து பார்ப்பது. மூன்று வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படித்ததில் என் முதலாளிக்குப் பயன்பட்டது அந்த எர்த்து ஒன்றுதான். எங்கள் ஊர்த் திருவிழாவுக்கும் எங்கள் செட்டுதான். ஆகவே முதல் முறையாக மேடைக்குப் பின்பக்கம் போனேன்.

சாயங்காலம் ஐந்து மணி. பந்தலில் நாற்காலி மட்டும் இருந்தது, ஆள் இல்லை. கீபோர்டு வாசிக்கிறவர்தான் குழுத் தலைவர், எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். மைக் பார்ப்பதற்காக அவர் ஏதோ வாசிக்க, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்பாவின் பாட்டு! அந்த ஆரம்ப வயலின் இசையை அப்படியே கீபோர்டில் கொண்டுவந்தார். பாடும் அக்கா டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பல்லவியைப் பாடினார். நான் ஒயரைக் கீழே போட்டுவிட்டு அப்பாவுக்குப் போன் அடித்தேன். "எங்கப்பா இருக்க?" "தொப்பூர்ல நிக்குதுடா வண்டி, முன்னால ஏதோ ஆக்சிடென்ட்டு, எல்லாம் வரிசைல நிக்குது." நான் போனை மேடைப் பக்கம் தூக்கிப் பிடிப்பதற்குள் மாஸ்டர் நிறுத்திவிட்டு, "தம்பி, மானிட்டர்ல கீபோர்டு கொஞ்சம் ஏத்து" என்றார்.

"மாஸ்டர், இந்தப் பாட்டை ஏன் கச்சேரியில வாசிக்கறதில்ல?" என்று கேட்டேவிட்டேன்.

"எங்களுக்காக வாசிக்கிறது தம்பி இது. பாப்பாவுக்குப் பல்லவி மட்டும்தான் தெரியும். முழுசாப் பண்ண ரெண்டு நாள் ஒத்திகை வேணும், யாரு காசு குடுக்கறது? அதையும் விடு. குத்துப் பாட்டுக்கு நடுவுல இதைப் போட்டா ஜனம் டீக்கடைக்கு எந்திரிச்சுப் போகும். ஜனம் எந்திரிச்சா கமிட்டிக்காரர் மூஞ்சி மாறும். அடுத்த வருசம் வேற செட்டு வந்துரும். சீட்டைப் பாரு, நீயே தெரிஞ்சுக்குவே" என்று அன்றைக்குச் சீட்டுகளை வாங்கி அடுக்கும் வேலையையும் எனக்கே கொடுத்தார்.

அடுக்கினேன். ராத்திரி ஒன்பதரை வரை 52 சீட்டு. பிறந்த நாள் வாழ்த்து, தலைவர் வாழ்க என்று வந்தவை 11. மீதி 41-ல் இந்த வருஷத்துப் படப் பாட்டுகள் 7, சாமிப் பாட்டு 4. மீதி 30-ல் 29 சீட்டு கேட்டது திரும்பத் திரும்ப அதே ஆறு பாட்டை! நாங்கள் பந்தயம் கட்டுவோமே, அதே ஆறு. மிச்சம் ஒன்று என் கையெழுத்து. எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷமாக நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்? பட்டியலை எழுதுவது மாஸ்டர் இல்லை, நாங்கள்தான்.

இப்படி நினைத்துக்கொண்டு மேடை ஓரமாக நின்றபோதுதான் முன்வரிசையைப் பார்த்தேன். தரையில் பாய் விரித்து, பேரப் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு பாட்டிகளும் அம்மாக்களும் எண்பது, நூறு பேர் இருப்பார்கள். கடைசி வரை எழுந்திருக்காமல் கேட்பவர்கள் அவர்கள்தான். பின்னால் நின்று விசில் அடிக்கிற எங்களை மாதிரிப் பையன்கள் பாதியில் வருவோம், போவோம். அந்த முன்வரிசையிலிருந்து ஒரு சீட்டுகூட வரவில்லை. ஏன் வரும்? எழுதத் தெரிந்தவர்களின் கணக்குத்தானே அந்த 52? எங்கள் அப்பாவுக்காவது எழுத ஒரு பிள்ளை இருந்தான்.

கையில் பேனா இருந்தது, நேராகப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். "ஆயா, உனக்கு என்ன பாட்டு வேணும், சொல்லு, எழுதறேன்" என்றேன். முதலில் சிரித்தார்கள். "எங்களுக்கு என்னத்த, எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார்கள். பிறகு ஒருத்தி சொன்னதும் எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு ரேடியோ செட்டில் போட்ட பாட்டு, புருஷனோடு தர்மபுரிக்குப் போய்ப் பார்த்த படத்துப் பாட்டு, நாற்று நடும்போது இன்னொருத்தி பாடிக் கேட்ட பாட்டு... பாதிக்குப் படத்தின் பெயர் தெரியாது, பாடித்தான் காட்டினார்கள். எட்டுச் சீட்டு எழுதினேன். எட்டும் எட்டுப் பாட்டு! எங்கள் ஆயா மட்டும், "கூத்துப் பாட்டு பாடுவானான்னு கேளு" என்றது.

மாஸ்டர் எட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "யாரு எழுதுனது, எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கு?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தபேலாக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு, பட்டியலில் இல்லாத ஒரு பழைய டி.எம்.எஸ். பாட்டைத் தானே பாடினார். குரல் சில இடத்தில் எட்டவில்லை, நடுவில் ஒரு வரி மறந்து 'லலலா' போட்டார். ஆனால் பாயிலிருந்து ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. டீக்கடைக்குப் போன எங்கள் பையன்களும் போனபடியே இருந்தார்கள், அது வேறு. பாட்டைக் கேட்ட அம்மா பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டி, "நான் சொன்னது, நான் சொன்னது" என்றார்.

பிறகு மறுபடி அதே ஆறு பாட்டு. அதற்கும் நான் ஆடினேன், மறைக்க என்ன இருக்கிறது!

பேரவை நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த காலேஜ் டேக்கு எந்தக் குழுவைக் கூப்பிட்டாலும், ஒரே ஒரு பாட்டுக்கு இடம் விடச் சொல்லுங்கள். ஒரு மாதம் முன்னாலேயே டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்து, ஒத்திகைக்கு அவர்களுக்கு நேரம் கொடுங்கள். அதிக ஓட்டு எதற்கு என்று எண்ண வேண்டாம், எண்ணினால் அதே ஆறுதான் வரும். மெஸ்ஸில் சமைக்கும் அக்காக்களிடமும் வாட்ச்மேன் தாத்தாவிடமும் கேட்டு எழுதி வாங்குங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், எனக்கு முன்னனுபவம் உண்டு.

அன்றைக்கு அப்பா வீடு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. கச்சேரி முடிந்து நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சாயங்காலம் அந்த அக்கா பாடியதைச் சொன்னேன்.

"நல்லாப் பாடுச்சா?"

"பல்லவி மட்டும்தான்பா. ஆனா நல்லா இருந்துச்சு."

"அப்ப அவங்களுக்குத் தெரியும்" என்றார். ஒயரின் இன்னொரு முனையைப் பிடித்து அவரும் சுற்ற ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த வருசம் எழுதறப்போ, 'ஜானகியம்மா பாடுனது, படத்துல வராது'ன்னும் சேத்து எழுதுடா. எதுன்னு தெரியாமத்தான் அன்னிக்கு வேற பாடிட்டாங்களோ என்னமோ" என்றார்.

- மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ் பிரிவு